பவானி மீன்கள் சொன்ன சேதி

மேட்டுப்பாளையம் என்றால் ஊட்டி ரயில், வனபத்ரகாளியம்மன் கோயில், உருளைக்கிழங்கு மண்டி என்று சொல்லிக்கொண்டே போவோம். பவானி ஆற்று மீன்களை யாரும் சொல்வதில்லை. ஆனால் விஞ்ஞானிகள் அந்த மீன்களை 150 ஆண்டுகளுக்கு மேலாகக் கவனித்து வருகிறார்கள். முதலில் பெயர் வைப்பதற்காகப் பார்த்தார்கள். பிறகு எவ்வளவு மீன் கிடைக்கும் என்று கணக்கிடப் பார்த்தார்கள். கடைசியில், ஏன் நோய்ப்பட்டுச் சாகின்றன என்று பார்க்க வேண்டி வந்தது.

பெயர் வைத்த டாக்டர்

பிரான்சிஸ் டே, ஆங்கிலேயர் காலத்து மதராஸ் படையில் மருத்துவர். மீன்கள் மேல் அவருக்குத் தீராத ஆர்வம். நீலகிரியிலும் அதன் அடிவார ஆறுகளிலும் உள்ள மீன்களைப் பற்றி 1867ல் லண்டன் விலங்கியல் சங்கத்தின் இதழில் கட்டுரை எழுதினார். நம்மூர்ப் பக்கம் கோழிமீன் என்று சொல்லும் பெரிய கெண்டை வகைக்கு, பவானியில் கிடைத்த மீனை வைத்து அதில்தான் அறிவியல் பெயர் சூட்டினார். ஆலைகள் வருவதற்கு முன்பு இந்த ஆற்றில் என்னென்ன மீன்கள் இருந்தன என்று அறிய இன்றும் உதவும் பதிவு அது.

அணையும் ஆலையும்

1955ல் பவானிசாகர் அணை கட்டி முடிக்கப்பட்டது. அங்கே மீன்வளத்துறையின் ஆராய்ச்சி நிலையம் செயல்பட்டது. அதில் பணியாற்றிய ஏ. சீனிவாசன், 1960களில் தமிழ்நாட்டின் நீர்த்தேக்கங்களில் நீரின் தன்மைக்கும் மீன் விளைச்சலுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து வெளிநாட்டு இதழ்களிலும் எழுதினார். 1971ல் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையம் நீர்த்தேக்கங்களுக்கென அகில இந்தியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது, அதன் மையங்களில் ஒன்றாகப் பவானிசாகரும் இருந்தது.

இதே காலத்தில்தான் நமக்குக் கீழே சிறுமுகையில் விஸ்கோஸ் ஆலை வளர்ந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஆலை அது. மரக்கூழைக் காஸ்டிக் சோடா, கார்பன் டைசல்பைடு கொண்டு கரைத்து, கந்தக அமிலமும் துத்தநாக சல்பேட்டும் உள்ள தொட்டியில் நூலாக இழுப்பதுதான் விஸ்கோஸ் தயாரிப்பு முறை. கழிவு ஆற்றில் கலந்து, கீழே அணை வரைக்கும் மீன்களைப் பாதித்தது ஊரறிந்த சங்கதி.

துத்தநாகம் மீனின் செவுளைத் தாக்கும். செவுள் கெட்டால் தண்ணீருக்குள் இருந்தாலும் மீனுக்கு மூச்சு முட்டும். மரக்கூழ்க் கழிவு மட்கும்போது நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். ஒரு லிட்டரில் 5 மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தால் கெண்டை நன்றாக இருக்கும். 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் திணறும். விரால் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையும் தாக்குப்பிடிக்கும். ஆகவே 'ஆத்துலதான் மீன் இருக்குதே' என்பது தண்ணீர் நன்றாக இருப்பதற்குச் சாட்சி ஆகாது. எந்த மீன் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

மூன்று வட்டங்கள்

மீன் செத்து மிதந்தால் எல்லோரும் பார்ப்போம். சாகாமல் நோயோடு திரியும் மீனை யார் பார்ப்பது? அமெரிக்காவில் மீன் நோய் ஆய்வுக்கூடம் நடத்திய ஸ்டானிஸ்லாஸ் ஸ்னீஷ்கோ இதற்கு எளிய விளக்கம் தந்தார். மீன், கிருமி, சூழல் என மூன்று வட்டங்கள். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில்தான் நோய். இதை 1974ல் கட்டுரையாக வெளியிட்டார்.

ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் நல்ல ஆற்று நீரிலும் இருக்கும். மீன் திடமாக இருக்கும்வரை அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆக்சிஜன் குறைந்து, செவுளும் தோலும் புண்பட்டு, மீன் சோர்ந்துபோனால் அதே கிருமி உள்ளே புகுந்து ரத்தக்கசிவு வரை கொண்டுபோகும்.

1988ல் வடகிழக்கு மாநிலங்களில் மீன்களின் உடம்பில் சிவப்புப் புண்கள் கண்டன. 1991ல் அந்நோய் கேரளத்துக்கு வந்தது. விராலைக் கடுமையாகத் தாக்கியது. மக்கள் மீன் வாங்கவே பயந்தார்கள். காரணம் ஒரு பூஞ்சை போன்ற கிருமி என்று பின்னர் உறுதியானது. அமிலத்தன்மை மிகுந்த நீர் மீனின் தோலை அரிக்க, அந்தப் புண் வழியே கிருமி நுழைவதை ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டின. கிருமி ஒன்றுதான் குற்றவாளி என்று முடித்துவிட முடியவில்லை.

சட்டமும் நாமும்

1974ல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1982ல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், 1989ல் ஆற்றங்கரையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் கடும் மாசு ஆலைகளுக்குத் தடை விதித்த அரசாணை எனப் படிப்படியாகக் கட்டுப்பாடுகள் வந்தன. சுற்றுச்சூழல் விதிகளில் மீனுக்கும் ஓர் இடம் உண்டு: சுத்திகரித்த கழிவுநீரில் மீன்களை விட்டால், 96 மணி நேரம் கழித்தும் 90 சதவீதம் உயிரோடு இருக்க வேண்டும். நல்ல சோதனைதான். ஆனால் அது சாவை அளக்கிறது, நோயை அளப்பதில்லை. நாலு நாள் தாங்கிய மீன் நாலு மாதம் கழித்து எப்படி இருக்கும் என்று அது சொல்லாது.

சிறுமுகை ஆலை இன்று ஓடவில்லை. மீனைச் சோர வைக்கும் வேலையை இப்போது வீட்டுக் கழிவுநீரும் செய்கிறது. அதிலுள்ள அம்மோனியா செவுளைக் கெடுக்கும்; கரிமக் கழிவு ஆக்சிஜனைத் தின்னும். நமக்குக் கீழே சத்தியமங்கலம், கோபி, பவானி என்று இந்த ஆற்றையே நம்பி ஊர்கள் இருக்கின்றன.

அடுக்குமாடிகளில் இருக்கும் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. எஸ்.டி.பி. இருக்கும் இடத்தில் கரண்ட் பில்லுக்குப் பயந்து காற்று ஊதும் புளோயரை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கழிவைச் சாப்பிடும் பாக்டீரியாக்கள் செத்து, சாக்கடை அப்படியே வெளியேறும். தண்ணீர் பரிசோதனை அறிக்கையை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லலாம். கழிவுநீர் லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று கேட்கலாம். காலாவதியான மாத்திரைகளைக் கழிவறையில் போடாமல் இருக்கலாம்.

அடுத்த பொதுக்குழுவில் பார்க்கிங், மெயின்டனன்ஸ் எல்லாம் பேசி முடித்த பிறகு, 'நம்ம தண்ணி எங்கே போகுதுங்க?' என்ற கேள்வியையும் யாராவது எழுப்புங்கள்.