மதுவிற்பனைச் சட்டங்களும் மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களும்: ஒரு வரலாற்று நோக்கு

மது விற்பனையை ஒழுங்குசெய்ய எழுந்த சட்டங்கள் எந்நாட்டிலும் நான்கு வினாக்களுக்கு விடைகாண முற்படுகின்றன. யாருக்கு விற்கலாம், எப்பொழுது விற்கலாம், எவ்விடத்தில் விற்கலாம் என்பன முதல் மூன்று வினாக்கள். ஓர் ஊரில் மதுக்கடை வேண்டுமா வேண்டாமா என்று முடிவுசெய்யும் உரிமை யாருக்குரியது என்பது நான்காவது. இலங்கைச் சட்டம் முதல் மூன்றுக்கும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விரிவான விடைகளை அளித்து வந்துள்ளது. நான்காவதற்கு ஒருகால் அது அளித்த விடை இன்று பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. அம்மறதியின் பொருள் யாது என்பதை மட்டக்களப்புப் பிரதேசத்தை மனத்திற் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டக்களப்பு வாவி இப்பிரதேசத்தை இரு கரைகளாகப் பிரிக்கின்றது. கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்டது எழுவான்கரை. மேற்கே வயல்களும் குளங்களும் நிறைந்தது படுவான்கரை. எழுவான்கரையின் மணற்பாங்கான நிலத்திலே தென்னை செழித்து வளர்வதாலும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே தென்னந்தோட்டங்கள் பெருகியமையாலும், கள் இங்கு வெளியிலிருந்து வந்த பொருளன்று. மரமேறும் தொழிலாளரின் வாழ்வும், கூலியாட்களின் மாலைப்பொழுதும், அரசிறையின் ஒரு பகுதியும் அக்கள்ளோடு பிணைந்திருந்தன. ஆகவே, மதுவிற்பனைச் சட்டத்தின் வரலாறு இவ்வூர்களுக்கு ஏட்டளவிலான செய்தியன்று.

குத்தகைக் காலம்

கள்ளும் சாராயமும் விற்கும் இடத்தை ஈழத்துத் தமிழர் தவறணை என வழங்குவர். இச்சொல் போர்த்துக்கேய மொழியின் வழியாக வந்தது. பொருள் பழையதாயினும், அதனை விற்கும் இடத்தை அரசு கணக்கிட்டு வரி கொள்ளும் முறை ஐரோப்பியர் ஆட்சியோடு உறுதிபெற்றது என்பதற்கு இச்சொல்லும் ஒரு குறிப்பாக அமைகின்றது. 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், தமது ஆட்சிக்குட்பட்ட கரையோரப் பகுதிகளிலே சாராய விற்பனை உரிமையைக் குத்தகைக்கு விட்டு வருவாய் ஈட்டினர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அவர்களுக்குப்பின் வந்த பிரித்தானியர் அம்முறையை விரிவுபடுத்தினர். சாராய வடிப்பு, விற்பனை ஆகியன பற்றிய விதிகள் 1844ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் இடம்பெற்றன.

குத்தகை முறையின் உட்கிடை எளிது. குறித்த பிரதேசத்தில் சாராயம் விற்கும் தனியுரிமையை அரசு ஏலத்தில் விடும். கூடிய தொகை கேட்பவர் அதனைப் பெறுவார். அவர் செலுத்திய தொகைக்கு மேலாக எவ்வளவு விற்கின்றாரோ அவ்வளவும் அவரது இலாபம். இம்முறையில் விற்பனையைக் குறைப்பதால் நன்மை பெறுவோர் எவருமிலர். குத்தகைகாரருக்கு இலாபம் பெருகவேண்டும்; அடுத்த ஏலத்தில் கூடிய தொகை கிடைக்க அரசுக்கும் அவ்விலாபம் பெருகவேண்டும். தென்மேற்குக் கரையோரத்துச் சில குடும்பங்கள் சாராயக் குத்தகையாற் பெருஞ்செல்வம் திரட்டிப் பின்னர் தோட்டங்களிலும் கல்வியிலும் அரசியலிலும் முன்னணிக்கு வந்தமையை வரலாற்றாசிரியர் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளனர். விற்பவனுக்குச் சமூகத்தின்பால் ஒரு கடப்பாடு உண்டு என்னும் எண்ணத்துக்குக் குத்தகை முறையிலே இடமிருக்கவில்லை.

1912ஆம் ஆண்டுச் சட்டம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நிலைக்கு எதிர்ப்புத் தோன்றியது. 1904இல் ஹாப்பிட்டிகம கோறளையில் எழுந்த மதுவிலக்கு இயக்கத்தில், தவறணைக்குச் செல்வதில்லை என ஊரவர் உறுதிபூண்டனர். இத்தகைய கிளர்ச்சிகள் ஒருபுறமும் வருவாய்த் தேவை மறுபுறமும் நெருக்கிய சூழலிலேயே 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. இந்திய மாகாணங்களின் கலால் சட்டங்களைத் தழுவிய இச்சட்டம், பல திருத்தங்களுடன் இன்றுவரை நடைமுறையில் உள்ளது. பழைய குத்தகையின் இடத்தை அனுமதிப்பத்திர முறை படிப்படியாகப் பெற்றது. விற்பவர் யார், எவ்விடத்தில், எந்நேரத்தில், எந்நிபந்தனைகளுக்கு அமைய விற்கின்றார் என்பன எழுத்தில் வந்தன. நிபந்தனையை மீறுபவரின் அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்யும் அதிகாரமும் அரசுக்குக் கிடைத்தது. பொறுப்புடன் விற்றல் என நாம் இன்று கூறுவதன் சட்ட அடிப்படை இதுவே.

ஆயினும், அச்சீர்திருத்தமே புதிய எதிர்ப்புக்கும் வித்திட்டது. கள்ளையும் சாராயத்தையும் தனித்தனி இடங்களில் விற்கவேண்டும் என்னும் ஏற்பாட்டின் விளைவாக, நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளுத் தவறணைகளைத் திறக்க அரசு முற்பட்டது. ஒழுங்குசெய்தலின் பெயரால் தவறணைகள் ஊர்தோறும் புகுவதை மக்கள் கண்டனர். 1912ஆம் ஆண்டு மதுவிலக்குக் கிளர்ச்சி முன்னையதிலும் வலுப்பெற்றது. அதில் ஈடுபட்ட தலைவர் பலர் 1915ஆம் ஆண்டுக் கலவரத்தையொட்டிச் சிறையிடப்பட்டதும், பிற்காலத் தேசிய அரசியலின் முன்னணியில் அவர்கள் நின்றதும் நாமறிந்தவை. ஊரவரின் சம்மதமின்றி ஊருக்குள் ஒரு கடையைத் திறக்கலாமா என்னும் வினா, ஆட்சியுரிமை பற்றிய பெருவினாவின் சிறு வடிவமாக இருந்தமையே இதற்குக் காரணம் எனலாம்.

ஊரவர் வாக்கு

அவ்வினாவுக்கு அரசு அளித்த விடையே பிரதேச விருப்பத் தெரிவு எனப்படும் வாக்கெடுப்பு முறை. ஒரு பகுதியின் வாக்காளருட் குறித்த விகிதத்தினர் தவறணை வேண்டாம் என வாக்களிப்பின் அதனை மூடவேண்டும் என்பது இதன் சாரம். ஸ்கொத்லாந்தில் 1913ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இவ்வுரிமையை வழங்க, அங்கு 1920 முதல் வாக்கெடுப்புகள் நடைபெற்றன. இலங்கையிலும் 1920களில் இம்முறை செயற்பட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பல தவறணைகள் இவ்வாறு மூடப்பட்டன. சர்வசன வாக்குரிமை இந்நாட்டிற்கு 1931இலேயே வந்தது. அதற்கு முன்னரே, தமது ஊரில் ஒரு தவறணை இருக்கலாமா என்பது குறித்து ஊரவர் வாக்களித்துள்ளனர் என்பது நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தியாகும்.

இம்முறையிற் குறைகள் இல்லாமலில்லை. கள்ளிறக்கி வாழ்ந்தவர் சமூகத்தின் அடித்தட்டில் இருந்தவர். அவர்தம் பிழைப்பைப் பற்றி முடிவெடுத்தவரோ பெரும்பாலும் அவரினும் மேனிலையில் இருந்தவர். தவறணை மூடப்பட்ட ஊரிற் கள்ளச்சாராயம் தலைதூக்குவதும் உண்டு. ஓர் ஊர் விலக்கியதை அயலூர் விற்பதும் உண்டு. வாவியைக் கடக்க ஒரு தோணி போதும். எனினும் இக்குறைகள் வாக்கெடுப்பைச் செம்மைப்படுத்தவேண்டியதன் காரணங்களாகுமேயன்றி, ஊரவரைக் கேளாதிருப்பதற்குக் காரணங்களாகா.

யாருக்கு, எப்பொழுது?

விடுதலைக்குப் பிற்பட்ட காலத்தில் சட்டத்தின் கவனம் வாங்குபவர் பக்கம் திரும்பியது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பதைத் தடைசெய்தது. மதுவுக்கு விளம்பரம் செய்வதையும் அது விலக்கியது. குற்றம் வாங்க வந்த இளைஞன்மீது சுமத்தப்படாமல் விற்றவர்மீது சுமத்தப்படுவது இங்குக் குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தில், வெறியில் இருப்பவருக்கு மேலும் மது விற்பவரைத் தண்டிக்கும் விதி 1872ஆம் ஆண்டு அனுமதிப்பத்திரச் சட்டத்திலேயே இடம்பெற்றது. இவ்விரு விதிகளும் ஒரே அறத்தில் நிற்கின்றன: தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவரின் இயலாமையால் விற்பவர் இலாபம் பெறலாகாது. பௌர்ணமி தினங்களில் இலங்கையெங்கும் மதுக்கடைகள் மூடப்படுவது எப்பொழுது என்னும் வினாவுக்கான விடைகளுள் ஒன்று.

ஆனால், பாதுகாப்பு என்னும் பெயரில் வரும் எல்லா விதியும் அவ்வறத்திற்கு உட்பட்டதன்று. 1979ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தல் ஒன்று தவறணைகளிலே பெண்களுக்கு மது விற்பதையும், அங்கு அவர்களை வேலைக்கமர்த்துவதையும் தடைசெய்தது. 2018 ஜனவரியில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர அத்தடையை நீக்கி அறிவித்தல் வெளியிட்டார். சில நாள்களுக்குள்ளேயே சனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் பணிப்பின்பேரில் அது மீளப் பெறப்பட்டது. குடிக்கும் கணவனால் அல்லலுறும் பெண்ணின் குரலைக் கேளாத சட்டம், முதிர்ந்த அறிவுடைய பெண்ணைச் சிறுவரோடு ஒருங்கு வைத்து எண்ணியது. பெண்ணை வாங்குபவளாகக் கண்டு அஞ்சிய அளவுக்கு, ஊரின் குடியாகக் கண்டு அவளது கருத்தை அது வினவவில்லை.

மட்டக்களப்பின் அனுபவம்

இனி, இவ்விதிகள் வாவிக்கரை ஊர்களில் எவ்வாறு அமைந்தன என நோக்குவோம். ஊரே தனக்கு விதி வகுத்துக்கொள்ளுதல் மட்டக்களப்பாருக்குப் புதியதன்று. வைகாசி மாதத்தில் கண்ணகையம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நிகழ்ந்து திருக்குளிர்த்தியோடு நிறைவெய்தும் வரையில், ஊரவர் மச்சமும் மதுவும் விலக்கி நோன்பு காப்பது வழமை. எக்காலத்தில், எவ்வெல்லைக்குள் விலக்குவது என்பதைக் கோயிலும் குடிகளும் கூடி முடிவுசெய்கின்றன. அதனைக் காவல்துறை நடைமுறைப்படுத்துவதில்லை. அது பெரிதும் பேணப்படுகின்றது. தாம் சேர்ந்து வகுத்த விதியை மக்கள் தாமே காப்பர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

உள்நாட்டுப் போர் இப்பிரதேசத்தின் சட்ட ஒழுங்கைக் குலைத்தது. 2007இல் அரச படைகள் கிழக்கு மாகாணத்தைத் தம் வசப்படுத்தும்வரை படுவான்கரையின் பெரும்பகுதி நெடுங்காலம் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. கொழும்பின் அனுமதிப்பத்திர விதிகள் அங்குச் செல்லுபடியாகவில்லை. போரும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் குடும்பத் தலைவர் பலரைப் பறித்துச் சென்றன. கூலியையும் கடனையும் நம்பி வாழும் குடும்பங்கள் பெருகிய வேளையில் அமைதியோடு வணிகமும் வந்தது. வணிகத்தோடு மதுவும் வந்தது. மறுபுறம், மதுமீதான வரி உயர உயர அனுமதி பெற்ற சாராயத்தின் விலை ஏறி, வாங்க இயலாதவர் கசிப்பை நாடுகின்றனர். கசிப்பு விற்பவனுக்கு அனுமதிப்பத்திரமுமில்லை, மூடும் நேரமுமில்லை, வாங்குபவரின் வயதைக் கேட்கும் கடமையுமில்லை.

ஊரவர் சம்மதம் பற்றிய வினா அண்மைக் காலத்திற் கூர்மையுற்ற இடம் கல்குடாவை அடுத்த கும்புறுமூலையாகும். அங்கு எரிசாராயத் தொழிற்சாலையொன்று அமைக்கப்பட்டபோது, பிரதேச மக்களும் மக்கட் பிரதிநிதிகள் சிலரும் அதனை எதிர்த்தனர். 2017 மார்ச்சில் அதுபற்றிச் செய்தி சேகரிக்கச் சென்ற ஊடகவியலாளர் இருவர் தாக்கப்பட்டனர். தொழிற்சாலை மதுக்கடையன்று, விற்பனை விதிகள் அதற்கு நேரே பொருந்தா. ஆயினும் எழுந்த வினா ஒன்றே: தம் ஊரில் இது வேண்டுமா என்று எம்மை யார் கேட்டார்?

அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரம் மேலிடத்தில் குவிந்திருப்பதன் மற்றொரு விளைவு நாடு முழுவதிலும் வெளிப்பட்டது. 2024ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட 360இற்கும் மேற்பட்ட மதுவிற்பனை அனுமதிப்பத்திரங்களின் விபரம் அவ்வாண்டு டிசம்பரிற் பாராளுமன்றத்தில் வெளியிடப்பட்டபோது, அவை அரசியற் சலுகைகளாக வழங்கப்பட்டனவா என்னும் விவாதம் எழுந்தது. பழைய குத்தகையாவது வெளிப்படையான ஏலத்தில் விடப்பட்டது என்பதை எண்ணும்போது, நாம் எத்துணை தூரம் முன்னேறியுள்ளோம் என்னும் ஐயம் தோன்றுவது இயல்பே.

முடிவுரை

அரசே விற்பனையாளராக மாறுவதால் மட்டும் இப்பிரச்சினை தீராது என்பதற்குத் தமிழ்நாடு சான்று. 1937இல் சேலம் மாவட்டத்தில் இராஜாஜியின் ஆட்சி மதுவிலக்கைத் தொடங்கிற்று. அதே நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை அரச நிறுவனமொன்றின் தனியுரிமையாயிற்று. மகாராட்டிர மாநிலத்திலோ, ஊரிலுள்ள பெண் வாக்காளர்கள் வாக்களித்து மதுக்கடையை மூடுவிக்க விதி இடமளிக்கின்றது. வாக்குச்சீட்டில் நிமிர்ந்த போத்தல் கடை வேண்டும் என்பதையும், சாய்ந்த போத்தல் வேண்டாம் என்பதையும் குறிக்கும். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் தன் முடிவைத் தெரிவிக்கலாம்.

வயதெல்லையும் மூடும் நேரமும் இன்றியமையாதவை. ஆயின், அவற்றை இயற்றும் அரசே வருவாயையும் எண்ணுகின்றது. எண்ணும் கை தன்னைத்தானே தடுப்பது அரிது. பொறுப்புடன் விற்க என்று விற்பவரைப் பணிக்கும் சட்டம், அவ்விற்பனையின் விளைவைத் தாங்குவோரிடமும் ஒரு சொல் கேட்கவேண்டும். கூலி கடைக்குச் சென்றபின் வெறுங்கையோடு வரும் கணவனை எதிர்கொள்பவளும், போத்தல் ஓடுகள் சிதறிய தெருவழியே பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையின் பெற்றோரும், கள்ளிறக்கி வாழும் தொழிலாளியும் ஒருங்கமர்ந்து முடிவெடுக்கும் முறை இந்நாட்டில் ஒருகால் அரும்பியது. அதன் குறைகளைக் களைந்து, மாதரையும் தொழிலாளரையும் உள்ளடக்கி, அதனை மீண்டும் நடைமுறைக்குக் கொணர்தல் சட்டம் பயில்வோரும் சமூகவியல் பயில்வோரும் சிந்திக்கவேண்டிய பணியாகும்.