புதுக்கோட்டை வானில் ஒளி சேர்த்த கதை: 1871 முதல் டிஜிட்டல் கேமரா வரை

1871 டிசம்பர் 12 அன்று முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் மலபார்க் கரையில் ஏறி, நீலகிரியைக் கடந்து, புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானத்தின் வழியே யாழ்ப்பாணத்துக்குப் போயிற்று. ஆங்கில வானியலர் நார்மன் லாக்கியர் தலைமையில் வந்த குழு பேக்கல் கோட்டையில் முகாமிட்டது. அதன் ஒரு பிரிவு புதுக்கோட்டைக்கு வந்தது. ரோமாபுரி வானியலர் லொரென்சோ ரெஸ்பிகியும் ஓவியர் ஹென்றி ஹாலிடேயும் அதில் இருந்தார்கள்.

ரெஸ்பிகி தொலைநோக்கியின் வாய்க்கு முன்னால் ஒரு முப்பட்டகத்தைப் பொருத்தியிருந்தார். சூரியனின் ஒளிவட்டம் அதில் சிவப்பு, பச்சை, நீலம் என நிறவாரியாகப் பிரிந்த வளையங்களாகத் தெரிந்தது. சிவப்பு வளையம் ஹைட்ரஜனுடையது, அலைநீளம் 656.3 நானோமீட்டர். ஹாலிடே பென்சிலால் வரைந்தார். பேக்கலிலும் தொட்டபெட்டாவிலும் யாழ்ப்பாணத்திலும் புகைப்படத் தட்டுகள் வேலை செய்ய, புதுக்கோட்டையின் பதிவு கண்ணாலும் கையாலும் ஆனது. அந்த இரண்டு நிமிட அளவு இருளில் கண் தவறவிட்டதைத் திரும்பப் பெற வழியில்லை.

தட்டு இருந்தாலும், நெபுலா, விண்மீன் கொத்து போன்ற மங்கலான பொருள்கள் உள்ள ஆழ்வானம் அன்று எட்டியிருக்காது. ஈரக் கொலோடியன் தட்டு பூச்சு காய்வதற்குள் படமெடுத்துக் கழுவ வேண்டியது. நம் ஊர் வெயிலில் அந்த அவகாசம் இன்னும் குறையும். அதே 1871 செப்டம்பரில்தான் ரிச்சர்டு மேடாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஜெலட்டின் பூசிய உலர் தட்டின் செய்முறையை வெளியிட்டார். புதுக்கோட்டைக் கிரகணத்துக்கு மூன்று மாதம் முன்பு. ஆழ்வானப் புகைப்படத் துறையின் உண்மையான தொடக்கம் பெரிய தொலைநோக்கி எதிலும் இல்லை, காய்ந்துவிடுமோ என்று அவசரப்படத் தேவையில்லாத இந்தத் தட்டில்தான் என்பது என் கணிப்பு. உலர் தட்டில் ஒளியை மணிக்கணக்காகச் சேர்க்கலாம். நியூயார்க் மருத்துவர் ஹென்றி டிரேப்பர் 1880இல் ஓரியன் நெபுலாவை 51 நிமிடம் திறந்துவைத்து எடுத்தார். 1883இல் அதையே மேலும் தெளிவாக எடுத்த ஆண்ட்ரூ காமன் ஒரு பொறியாளர். 1888இல் ஆந்திரமேடாவின் சுருள் வடிவைப் பதிந்த ஐசக் ராபர்ட்ஸ் கட்டடத் தொழிலில் பொருளீட்டியவர். பிழைப்பு வேறாக இருந்தவர்களே இத்துறையைத் திறந்தார்கள் என்பதை இன்றைய ஆர்வலர்கள் தெம்புக்காகவாவது நினைவில் வைக்கலாம்.

தமிழகத்தில் அந்தக் கதவு தாமதமாகவே திறந்தது. கோடைக்கானல் ஆய்வகம் சூரியனுக்கென்றே அமைந்தது. வானியலர் வைணு பாப்பு ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்து, 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கியை நிறுவினார். அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் மறைவுக்குப் பின் 1986இல் இயங்கத் தொடங்கியது. இவை அரசு ஆய்வகங்கள். தனிமனிதர் கைக்கு ஆழ்வானம் வந்தது டிஜிட்டல் கேமராவும், பல படங்களை ஒன்றாக அடுக்கும் இலவச மென்பொருள்களும் வந்த பிறகுதான். ராபர்ட்ஸ் ஒரே தட்டில் சேர்த்ததை இப்போது இரண்டு நிமிடத் துண்டுகளாக எடுத்துக் கணினியில் கூட்டுகிறார்கள். படத்தின் இரைச்சல், அதாவது புள்ளி புள்ளியான மாசு, பாதியாக வேண்டுமானால் நேரம் நான்கு மடங்காக வேண்டும். ஒரு மணி நேரப் படத்தில் திருப்தியில்லாதவர் நான்கு மணி நேரம் உட்கார வேண்டியதுதான்.

புதுக்கோட்டையில் உட்காருவது லேசுப்பட்ட காரியமில்லை. 300 மி.மீ. லென்சும் 4 மைக்ரான் பிக்சலும் உள்ள கேமராவை அசையாமல் வைத்தால், வான நடுக்கோட்டை ஒட்டிய விண்மீன் ஒரே நொடியில் ஐந்து பிக்சல் நகர்ந்துவிடும். ஆகவே பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுக்கும் மவுண்ட் தேவை. அதன் அச்சை வான துருவத்துக்கு எளிதாக நேராக்கத் துருவ நட்சத்திரம் கண்ணில் பட வேண்டும். இங்கே அட்சரேகை 10 பாகை. துருவ நட்சத்திரமும் அடிவானிலிருந்து அவ்வளவு உயரம்தான். தைலமரக் காட்டுக்குத் தெற்கே நின்றால் தெரியவே தெரியாது. மரமில்லாத நார்த்தாமலைப் பாறையில் நின்றாலும், தலைக்கு மேலுள்ளதைவிட ஐந்து மடங்குக்கு மேல் காற்றையும் தூசியையும் ஊடுருவித்தான் அது தெரிய வேண்டும். போதாக்குறைக்குத் திருச்சியின் வெளிச்சம் வடக்கிலும் தஞ்சாவூரின் வெளிச்சம் வடகிழக்கிலும். வடக்கத்திய நாடுகளை நினைத்துச் செய்த மவுண்டை 10 பாகைக்குச் சாய்த்தால் அதன் எதிர்எடை முக்காலியின் காலில் இடிக்கும். முக்காலியின் கால்களைத் திருப்பி வைத்துச் சமாளிப்பார்கள்.

அடுத்தது வெப்பம். சென்சாரின் சூடு 6 பாகை செல்சியஸ் கூடினால், ஒளி படாமலே அதில் எழும் மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டிக்கும். கோடை இரவுகளில் குளிரூட்டி இல்லாத கேமராவின் படம் முழுக்கப் புள்ளி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வானை மூடிவிடும். தையில் பனி லென்சில் இறங்கும்; அதற்குச் சூடேற்றும் பட்டை கட்ட வேண்டும்.

ரெஸ்பிகி கண்ட சிவப்பும் இங்கே தொல்லை தருகிறது. நெபுலாக்களின் செம்மைக்கு அதே 656.3 நானோமீட்டர் ஒளிதான் காரணம். சாதாரணக் கேமராவின் சென்சாருக்கு முன்னுள்ள பில்டரோ, தோலின் நிறம் இயல்பாக விழவேண்டும் என்பதற்காக அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. ஆர்வலர்கள் கேமராவைப் பிரித்து அந்தப் பில்டரைக் கழற்றுகிறார்கள். உத்தரவாதம் அதோடு போயிற்று.

இத்தனைக்கும் ஈடு தெற்கில் இருக்கிறது. ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் கொத்து இங்கே 32 பாகை உயரம் ஏறுகிறது. ஓரியனைவிடப் பெரிய கரீனா நெபுலா மார்ச், ஏப்ரல் இரவுகளில் 20 பாகைக்கு வருகிறது. டிரேப்பர், காமன், ராபர்ட்ஸ் மூவரின் ஊர்களிலும் அது உதிப்பதே இல்லை. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் கரைகளில் கிழக்கும் தென்கிழக்கும் கடலாக இருப்பதால் அந்தப் பக்கம் ஊர் வெளிச்சம் இல்லை. மீன்பிடி விளக்குகளையும் உப்புக் காற்றையும் மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெரிய மெகல்லன் முகிலுக்கு மட்டும் ஆசைப்படக் கூடாது. அதன் உச்சம் இங்கே 10 பாகை, துருவ நட்சத்திரத்தின் உயரம்தான். அடிவானத் தூசி இரண்டையும் ஒரே மாதிரிதான் மங்கவைக்கும்.