நம்மூர்ப் பள்ளிக்கூடம் நல்லதா? ஒரு கேள்வியின் பழைய கதை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது வாசியுங்கள். பெண்பிள்ளையோ ஆண்பிள்ளையோ, அடுத்த வருசம் முதலாம் தரத்துக்குப் போக இருக்கும் வீடுகள் கட்டாயம் வாசியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். என்னிடம் படித்த தம்பி ஒருவர் பக்கத்தில் வந்து, “ஸேர், மகளுக்கு அடுத்த வருசம் ஸ்கூல். நம்மட பள்ளிக்கூடம் எப்படி? உண்மையைச் சொல்லுங்க” என்று கேட்டார். அங்கேயே படிப்பிக்கிறவனிடம் கேட்டால் என்ன பதில் வரும்? “நல்லா இருக்கு தம்பி” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீடு வந்து சேரும்வரை அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எதை வைத்து நல்லா இருக்கு என்றேன்?

தம்பி எதை வைத்துக் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். சந்தியில் தொங்கும் பெனரை வைத்து. டவுன் பாடசாலையின் பெனரில் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைகளின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. எங்கள் பெனரில் இரண்டு படங்கள்தான். இந்த இரண்டு பெனர்களையும் பார்த்துத்தான் வேன் பிடித்து, காலை ஆறரைக்குப் பிள்ளையை எழுப்பிச் சாப்பாடு ஊட்டி டவுனுக்கு அனுப்புகிறோம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முதலாம் தரத்துக்கு வரும் பிள்ளைகள் வருசத்துக்கு வருசம் குறைகிறார்கள். பிள்ளை குறைந்தால் ஆசிரியர் ஆளணி குறையும், ஆசிரியர் குறைந்தால் இன்னும் பிள்ளை குறையும். இது எங்கே போய் முடியும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒரு பள்ளிக்கூடத்தை எதை வைத்து அளப்பது என்ற கேள்வி இன்று வந்ததல்ல. நம் மூத்தவாப்பாமார் காலத்தில் ஓதப்பள்ளிதான் பள்ளிக்கூடம். அதற்கு ஓர் அளவுகோல் இருந்தது. பிள்ளை குர்ஆனை ஓதி முடித்ததா, இல்லையா? முடித்த வீட்டில் சோறாக்கி லெப்பைக்கு உடுப்புக் கொடுத்தார்கள். ஏமாற்ற முடியாத அளவுகோல் அது. பிள்ளை முன்னால் உட்கார்ந்து ஓதும், தப்பினால் சபையில் உள்ள எல்லோருக்கும் கேட்கும். அரபுத்தமிழ் வாசிக்கப் பழகியதும் அங்கேதான்.

அரசாங்கம் பள்ளிக்கூடத்தை அளக்கத் தொடங்கிய கதை வேறு. மோர்கன் குழுவின் அறிக்கைக்குப் பிறகு 1869இல் இலங்கையில் பொதுப் போதனாத் திணைக்களம் உருவானது. மிஷன் பாடசாலைகளுக்கும் ஏனைய தனியார் பாடசாலைகளுக்கும் உதவிநன்கொடை கொடுக்கத் தொடங்கினார்கள். காசை எதை வைத்துக் கொடுப்பது? பெறுபேற்றை வைத்து. இன்ஸ்பெக்டர் வருவார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் சோதிப்பார். எத்தனை பிள்ளை தேறியதோ அதற்கேற்ற காசு.

இந்த முறை இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே 1862இல் ரொபர்ட் லோ என்பவர் கொண்டுவந்த திட்டத்தில், ஒரு பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால் பாடசாலைக்கு 2 ஷிலிங் 8 பென்ஸ் வெட்டு. என்ன நடந்தது தெரியுமா? பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை மனனம் செய்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே பிள்ளை சரளமாக “வாசித்த” கதைகள் அக்காலத்தைப் பற்றி இன்றும் சொல்லப்படுகின்றன. மெத்யூ ஆர்னல்ட் என்ற பெரிய கவிஞர் பாடசாலை இன்ஸ்பெக்டராகவும் இருந்தவர். இந்த முறை பள்ளிக்கூடத்தின் உயிரைக் குடிக்கிறது என்று அவர் வருசக்கணக்காக எழுதினார். முப்பது வருசத்துக்கு மேல் போனபிறகுதான் அங்கே அதைக் கைவிட்டார்கள். இங்கும் பின்னர் கைவிட்டார்கள். ஆனால் அந்தப் புத்தி நம்மைவிட்டுப் போகவில்லை என்பதுதான் என் எண்ணம்.

அந்தக் காலத்தில் நம் சமூகத்தவர் பலர் இன்ஸ்பெக்டர் வரும் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பவே இல்லை. மதம் மாறிவிடும் என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது, நட்டமும் இருந்தது. கண்டி சித்திலெப்பை அவர்கள் 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதினார். 1892இல் மருதானையில் தொடங்கிய மத்ரஸாதான் இன்றைய ஸாஹிராக் கல்லூரி. நாடு கடத்தப்பட்டு வந்திருந்த எகிப்தின் ஒராபி பாஷாவும் வாப்பிச்சி மரிக்காரும் அந்த முயற்சியில் கூட நின்றார்கள். அவர்கள் கேட்டது, நம் பிள்ளை தன் தீனோடும் தன் மொழியோடும் உலகத்தையும் படிக்கக்கூடிய ஓர் இடம் இருக்கிறதா என்பதைத்தான். பெறுபேறு எத்தனை என்பது பிறகு வந்த கேள்வி. ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளை பயமில்லாமல் இருக்கிறதா என்பதை நம் முன்னோர் முதலில் பார்த்தார்கள். அதை நாம் மறந்துவிட்டோம்.

இனிப் புலமைப்பரிசிலுக்கு வருவோம். இதைப் பலரும் தவறாக விளங்கியிருப்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1940களில் கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கர அவர்கள் கிராமங்களுக்கு மத்திய மகா வித்தியாலயங்களைக் கொண்டுவந்தார். மொத்தம் 54 என்று சொல்வார்கள். ஆங்கிலம், விஞ்ஞானம், விடுதி எல்லாம் அங்கே. இலவசக் கல்வி 1945 ஒக்டோபரில் வந்தது. காசில்லாத வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளையைத் தெரிந்தெடுத்து, விடுதியில் இடம் கொடுத்து, செலவையும் பார்த்துப் படிப்பிக்க வேண்டும். அந்தத் தெரிவுக்காக வந்ததுதான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை. பிள்ளைக்கான ஏணி அது. பள்ளிக்கூடத்தை அளக்க யாரும் அதைச் செய்யவில்லை.

அதே 1940களில் நம் கரையில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் யுத்தகால உணவு உற்பத்திக்குப் பொறுப்பாகக் கல்முனைக்கு வந்தார். இங்குள்ள பிள்ளைகள் திறமை இருந்தும் காசில்லாமல் நின்றுபோவதைக் கண்டார். 1945இல் முஸ்லிம் மாணவருக்கான புலமைப்பரிசில் நிதியம் ஒன்றை ஏற்படுத்த முன்னின்றார். பிறகு உத்தியோகத்தை விட்டு 1948இல் ஸாஹிராவின் அதிபரானார். அவருக்கும் ‘புலமைப்பரிசில்’ என்றால் ஒரு பிள்ளைக்கு நீட்டும் கை. அந்தச் சொல் இன்று பெனரில் என்னவாக இருக்கிறது என்று பாருங்கள்.

ஏணி எப்படித் தராசானது? 1960, 61இல் பெரும்பாலான உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. பதியுதீன் மஹ்மூத் அவர்கள் கல்வி அமைச்சராக இருந்த காலங்களில் முஸ்லிம் பாடசாலைகள் தனி வகையாக நிலைபெற்றன, நம் ஆசிரியர்கள் நிறையப்பேர் நியமனம் பெற்றார்கள். அட்டாளைச்சேனை கலாசாலையில் பயின்ற ஸேர்மார் ஊரூராகப் போனார்கள். எல்லா ஊருக்கும் பள்ளிக்கூடம் வந்தது. எல்லாம் ஒன்றுபோல் வரவில்லை. ஆய்வுகூடமும் நல்ல ஆசிரியரும் சில பெரிய பாடசாலைகளில் குவிந்தன. அங்கே போக ஒரு கதவு ஐந்தாம் தரப் பரீட்சை. கதவு ஒடுங்க ஒடுங்க ரியூசன் வந்தது, மாதிரி வினாத்தாள் வந்தது, கடைசியில் பெனர் வந்தது.

ஒவ்வொரு வருசமும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இந்தப் பரீட்சைக்குத் தோற்றுகிறார்கள். நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் வெட்டுப்புள்ளிக்குக் கீழேதான். கெட்டிக்காரர்களைத் தெரிந்தெடுக்கச் செய்த பரீட்சை என்பதால் அது அப்படித்தான் இருக்கும். பத்து வயதில் அத்தனை பிள்ளைக்கும் “நீ தோற்றுவிட்டாய்” என்று ஊர் சொல்வதுதான் அநியாயம்.

இதில் நானும் குற்றவாளி. மறைக்க விரும்பவில்லை. வேறொரு பாடசாலையில் ஐந்தாம் தரம் எடுத்துக்கொண்டிருந்த காலம். “வரக்கூடிய” பிள்ளைகள் பன்னிரண்டு பேரை முன் வரிசையில் இருத்தினேன். மாலை வகுப்பு, இரவு வகுப்பு எல்லாம் அவர்களுக்கு. பின்னால் இருந்த ஆறு பேருக்கு எழுத்தே ஒழுங்காகத் தெரியாது. அவர்களைப் படம் கீற விட்டேன், கரும்பலகை துடைக்க விட்டேன், கடைக்கு அனுப்பினேன். அந்த வருசம் ஏழு பேர் வெட்டுப்புள்ளியைத் தாண்டினார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், பெனரில் என் படமும் இருந்தது. பல வருசம் கழித்து அந்த ஆறு பேரில் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கட்டார் போக இருக்கிறாராம், வேலை ஒப்பந்தத்தை வாசித்துச் சொல்லச் சொன்னார். ஆங்கிலமாக்கும் என்று வாங்கினேன். தமிழில் இருந்தது. “உங்களிட்டத்தானே ஸேர் படிச்ச” என்று சிரித்தார். குத்திக்காட்டச் சொன்னதல்ல, மரியாதையாகத்தான் சொன்னார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கட்டடத்தை வைத்து அளப்பவர்களும் உண்டு. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஞாயிறு, போயா, பாடசாலை விடுமுறை. அல்லாஹ் காத்தான், வகுப்பில் பிள்ளைகள் இருக்கவில்லை. அதன்பின் கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் படிப்பித்தோம். வெயிலில் தகரம் கொதிக்கும். ஆனால் என் வாழ்க்கையில் ஆசிரியர்கள் ஒரு நாளும் லீவு எடுக்காத காலம் அதுதான். பெற்றோர் தினமும் வந்து எட்டிப்பார்த்த காலமும் அதுதான். பிறகு நன்கொடையில் மாடிக் கட்டடங்கள் எழும்பின, திறப்பு விழாக்கள் நடந்தன. கட்டடம் தேவைதான், மறுக்கவில்லை. பிள்ளைகள் பாவிக்கக்கூடிய, தண்ணீர் வரும் மலசலகூடம் அதைவிட முதலில் தேவை. பெண்பிள்ளைகளின் பெற்றோர் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒருவரும் பார்ப்பதில்லை.

அரசாங்கமே பிறகு நல்ல அளவுகோல்களைத் தந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1998இல் 5 முதல் 14 வயதுவரை கட்டாயக் கல்வி வந்தது, 2016இல் அது 16 ஆனது. 1999இல் நாடு முழுவதும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் ஐந்து வருசத்தையும் மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது. ஒவ்வொரு நிலை முடிவிலும் ஒவ்வொரு பிள்ளையும் கட்டாயம் அடைய வேண்டியவற்றை ‘அத்தியாவசிய கற்றல் தேர்ச்சிகள்’ என்று எழுதித் தந்தது. கவனியுங்கள், முன்வரிசைப் பிள்ளை என்றில்லை, ஒவ்வொரு பிள்ளையும். 2014இல் பாடசாலைகள் தம்மைத் தாமே மதிப்பிட எட்டுத் துறைகளில் ஒரு முறையும் வந்தது. பிள்ளைகளின் அடைவு அதில் ஒரு துறை மட்டும்தான். மாணவர் நலன், சமூகத்துடனான உறவு எல்லாம் அதில் இருக்கின்றன. நல்ல ஆவணம். நாங்கள் என்ன செய்கிறோம்? வெளியக மதிப்பீட்டுக் குழு வர ஒரு கிழமை இருக்கும்போது உட்கார்ந்து கோப்பு நிரப்புகிறோம். இன்ஸ்பெக்டருக்காகப் புத்தகத்தை மனனம் செய்த பிள்ளைகளைப் போல.

சரி, அந்தத் தம்பிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

தம்பி, மகளைச் சேர்க்குமுன் ஒரு நாள் காலையில் வாங்க. விழா நாளில் வேண்டாம், சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை. அதிபரிடம் அனுமதி கேட்டு மூன்றாம் தர வகுப்புக்குப் போங்க. ஆக முன்னால் இருக்கும் பிள்ளையை விட்டுவிட்டு, ஆகப் பின்னால் இருக்கும் பிள்ளையிடம், அது முன்பு பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்க. பாடப்புத்தகம் வேண்டாம், அது பாடமாக இருக்கும். அன்றைய பத்திரிகை போதும். பிறகு அன்று எத்தனை ஆசிரியர் வந்திருக்கிறார்கள், எத்தனை வகுப்பு ஆசிரியர் இல்லாமல் இருக்கிறது என்று பாருங்க. மலசலகூடத்துக்குப் போங்க, குழாயைத் திறந்து பாருங்க. இடைவேளையில் பிள்ளைகள் ஆசிரியரைக் கண்டால் கிட்ட வருகிறார்களா, ஒதுங்குகிறார்களா என்று பாருங்க. இதே சோதனையை டவுன் பாடசாலையிலும் செய்யுங்க. அங்கே நன்றாக இருந்தால் அங்கேயே சேருங்க, நான் கோபிக்க மாட்டேன்.

எங்கள் பாடசாலையில் இந்தச் சோதனை முழுதாகச் சரிவராது. இப்போதைய நிலையைச் சொல்கிறேன். மூன்றாம் தரத்தில் 21 பேர். அவர்களில் நான்கு பேர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். ஆங்கிலத்துக்கு ஆசிரியர் இல்லை. மலசலகூடக் குழாய் இரண்டில் ஒன்று உடைந்திருக்கிறது. அந்த நான்கு பேருக்கும் இரண்டு டீச்சர்மார் இடைவேளைக்குப் பிறகு தனியாக வாசிப்பு எடுக்கிறார்கள், ஒரு சதம் வாங்காமல். இதையெல்லாம் எந்தப் பெனரிலும் போட மாட்டார்கள்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு, பிரதான மண்டபத்தில். போன கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள், அதில் ஐந்து பேர் ஆசிரியர்கள். குழாய் வேலை தெரிந்த காக்காமார் யாராவது இருந்தால் சாவியோடு வாங்க. முதலாம் தர விண்ணப்பப் படிவங்களும் அன்று மேசையில் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.