கைரீனியாக் கப்பல்: ஒரு சிறு வணிகக் கலத்தின் வரலாறு

கிழக்கு நடுநிலக்கடலின் பண்டைய கடல்வழிகளைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் பேரரசுகளின் போர்க்கலங்களையும் பெருநகரங்களுக்குத் தானியம் சுமந்த பெருங்கப்பல்களையுமே முன்னிறுத்தினர். தீவுக்குத் தீவு கரையை ஒட்டிச் சென்று கிடைத்த சரக்கை ஏற்றி இறக்கிய சிறு பாய்க்கலங்களைப் பற்றி அக்கால நூல்களில் மிகக் குறைவான செய்திகளே உள்ளன. அந்தக் குறையைப் பெருமளவு போக்கிய சான்று சைப்பிரஸ் தீவின் வடகரையில், கைரீனியாத் துறைமுகத்திலிருந்து ஒரு மைலுக்கும் குறைந்த தொலைவில், சுமார் 30 மீட்டர் ஆழத்தில் கிடைத்த, ஏறத்தாழ 14 மீட்டர் நீளமே உள்ள ஒரு கிரேக்க வணிகக் கலமாகும்.

கைரீனியாவைச் சேர்ந்த மூழ்காளர் அந்திரேயாஸ் கரியோலு 1965இல் கடலடியில் சாடிகளின் குவியல் ஒன்றைக் கண்டார். 1967இல் அமெரிக்கத் தொல்லியலாளர் மைக்கேல் காட்செவுக்கு அவர் அந்த இடத்தைக் காட்டியதைத் தொடர்ந்து, 1968, 1969 ஆகிய ஆண்டுகளில் அங்கு அகழாய்வு நடைபெற்றது. கடலில் மூழ்கிய மரத்தைக் கப்பற்புழு அரித்துத் தின்றுவிடுவது வழக்கம் என்றாலும், சரக்கின் கனம் கலத்தின் அடிப்பகுதியைச் சேற்றில் அமிழ்த்தியதால், காற்றும் புழுவும் புகாத அப்படிவுக்குள் அடிக்கட்டின் பெரும்பகுதி அழியாமல் தங்கியது.

சரக்கில் முதன்மையானவை 400க்கு நெருங்கிய அம்போராக்கள், அதாவது மதுவும் எண்ணெயும் கொண்டுசெல்லப் பயன்பட்ட, இரு கைப்பிடிகளும் குறுகிய அடியும் கொண்ட சுடுமண் சாடிகள். தமிழ்நாட்டு வாசகர்கள் அரிக்கமேட்டு அகழாய்வின் வழியாக இவ்வகைச் சாடியின் பிற்கால வடிவங்களை அறிந்திருப்பர். இக்கலத்தின் சாடிகளுள் பெரும்பாலானவை ரோட்ஸ் தீவில் வனையப்பட்டவை. அவற்றோடு, கலம் அலையில் தள்ளாடாதிருக்க அடியில் இடப்படும் பாரமாகவும் இறங்குமிடத்தில் விற்கத்தக்க பண்டமாகவும் ஒருசேரப் பயன்பட்டிருக்கக்கூடிய 29 திரிகைக் கற்களும், 10,000க்கு அருகில் வாதுமைக் கொட்டைகளும் இருந்தன. கொட்டைகள் நிரம்பியிருந்த சாக்குகள் மட்கிப்போயிருக்க, ஓடுகள் மட்டும் எஞ்சிக் கிடந்தன.

கலத்தைச் செலுத்தியவர்களைப் பற்றி ஓர் ஏட்டுக் குறிப்பும் இல்லை. ஆயினும் அருந்தும் கிண்ணம், உப்புக் கிண்ணி, எண்ணெய்க் குடுவை, மரக்கரண்டி ஆகியவை நான்கு நான்காகக் கிடைத்ததால், அதில் நால்வர் சென்றனர் என்ற முடிவு உறுதியான அடிப்படையில் நிற்கிறது. வலையில் கட்டும் ஈயக் குண்டுகள் 300க்கு மேல் இருந்தமை அவர்கள் வழியில் மீன் பிடித்து உண்டதைக் காட்டுகிறது. கலத்தில் அடுப்பு இருந்ததற்கான தடயம் இல்லாததால், இரவில் கரை ஒதுங்கிச் சமைத்தனர் என்று கருதுவதே பொருத்தமானது. பண்டைய உலகின் மாலுமிகள் எத்தனையோ ஆயிரம் பேருள் அன்றாட உணவு வரை நமக்குத் தெரியவந்தவர்கள் மிகச் சிலரே. அவ்வகையில் இந்த நான்கு கரண்டிகள் மன்னர்களின் கல்வெட்டுகளுக்குக் குறையாத மதிப்புடையவை.

எனினும் இக்கண்டுபிடிப்பின் தலையாய செல்வம் சரக்கன்று, கலத்தின் உடலே. சேற்றிலிருந்து பல ஆயிரம் துண்டுகளாக எடுக்கப்பட்ட மரத்தைக் கைரீனியாக் கோட்டையில் மீண்டும் பொருத்திய ரிச்சர்ட் ஸ்டெஃபி, அது வெளியோட்டை முதலில் அமைக்கும் முறையில் கட்டப்பட்டதென்று விளக்கினார். அம்முறையில், அடிமரமாகிய ஏராவை நிறுத்தியதும், பலகைகளின் விளிம்பில் துளைகள் இட்டு, அவற்றுள் கழுந்துகள் எனப்படும் தட்டையான ஓக் மரத் துண்டுகளைச் செருகி, குறுக்கே ஆப்பு அறைந்து பலகையோடு பலகையை இறுக்குவர். உள்ளிருந்து தாங்கும் விலா மரங்கள் அதன் பிறகே பொருத்தப்படும். இந்துமாக்கடலின் கரைகளில், சோழமண்டலக் கரையின் மசூலாப் படகில் காண்பதுபோல, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் சேர்க்கும் மரபு நெடுங்காலம் நிலவியதை நினைவுகூர்ந்தால், ஒரே தேவைக்கு இருவேறு கடல்களின் தச்சர்கள் கண்ட வழிகள் எவ்வளவு வேறுபட்டவை என்பது புலப்படும்.

கைரீனியாக் கலத்தின் அலெப்போ பைன் மரப் பலகைகள் மற்றொன்றையும் தெரிவிக்கின்றன. ஏராவில் ஏற்பட்ட முறிவு கட்டை வைத்துச் சீர்செய்யப்பட்டுள்ளது. உளுத்த பலகைகள் மாற்றப்பட்டுள்ளன. இறுதியாக, கசிவைத் தடுக்க வெளிப்புறம் முழுவதும் ஈயத் தகடு போர்த்தி, சிறு செப்பாணிகளால் அறைந்துள்ளனர். புதிய கலம் கட்ட வசதியற்ற ஓர் உரிமையாளர், இருப்பதையே ஒட்டுப்போட்டுத் தலைமுறை கடந்தும் ஓட்டினார் என்று இதைப் படிப்பதே இயல்பு. இந்தப் பழுதுபார்ப்புத் தடங்களே சிறுவணிகத்தின் பொருளியலைப் பற்றி நமக்குள்ள மிகச் சிறந்த ஆவணம். 1985இல் கிரேக்கத்தின் பெராமாவில் இதே முறையில் கட்டி இறக்கப்பட்ட ‘கைரீனியா 2’ என்னும் மாதிரிக் கலம் மறு ஆண்டு சைப்பிரஸ் வரை பாய்விரித்துச் சென்று, அக்கட்டுமானத்தின் வலிமையைக் கடலிலேயே மெய்ப்பித்தது.

கலம் ஏன் மூழ்கியது என்பதில் ஆய்வாளர் கருத்து ஒன்றுபடவில்லை. இரும்பு ஈட்டி முனைகள் சில கலத்தின் அடியில் கிடைத்ததாலும், நாணயங்கள் சொற்பமாகவே இருந்ததாலும், காட்செவ் கடற்கொள்ளையரின் தாக்குதலைச் சுட்டினார். பல்லாண்டு உழைத்துத் தேய்ந்த உடல் புயலில் திறந்துகொண்டிருக்கவும் கூடும் என்பதை ஒதுக்கிவிட முடியாது.

காலக் கணிப்பிலோ அண்மையில் பெரும் தெளிவு பிறந்துள்ளது. மரம் சுருங்காமல் காக்க ஊட்டப்பட்ட பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் சேர்மம் பெட்ரோலியத்திலிருந்து பெறப்படுவதால், மரத்தின் வயதைக் கணிக்க அளக்கப்படும், காலப்போக்கில் குறைந்துவரும் கதிரியக்கக் கரி அதில் இல்லை. ஆகவே அது சிறிதளவு எஞ்சினாலும் மரத்தின் வயது உண்மையை விட மிகுத்துக் காட்டப்படும். ஸ்டர்ட் மானிங் தலைமையிலான குழு இச்சேர்மத்தை நீக்கும் வழி கண்டதோடு, அளவீட்டுக்கு அடிப்படையான ஒப்பீட்டு வளைகோட்டையே வயது தெரிந்த செக்கோயா, ஓக் மர வளையங்களைக் கொண்டு திருத்தி, கலம் மூழ்கிய காலத்தை கி.மு. 296க்கும் 271க்கும் இடைப்பட்டதாக 2024இல் வெளியிட்டது. கி.மு. 305இல் ரோட்ஸை முற்றுகையிட்ட தெமெத்ரியஸின் போர்க்குழப்பத்தோடு இக்கலத்தின் அழிவை இணைக்க இதற்குமேல் இடமில்லை. அது மூழ்கியபோது சைப்பிரஸ், பெரும்பாலும், கி.மு. 294இல் தீவைக் கைப்பற்றிய எகிப்திய மன்னன் தாலமியின் மரபினரது ஆட்சியில் இருந்திருக்கும். மரம் வெட்டப்பட்டதோ முந்தைய நூற்றாண்டின் இரண்டாம் பாதியில். ஆகவே, அலெக்சாந்தரின் தளபதிகள் தீவுகளுக்காகப் போரிட்ட ஆண்டுகளிலும் இக்கலம் துறைகளுக்கிடையே சரக்கேற்றிச் சென்றிருக்க வேண்டும்.