பந்தைப் பிடித்தவன் உரிமை

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் குடியிருக்கும் நமக்கு ஞாயிறு காலை என்றால் பதினெட்டாம் கிராஸ் மைதானந்தான். 1898-ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பின்னர், நெருக்கம் மிகுந்த பழைய பேட்டையை விட்டு மக்கள் நல்ல காற்றில் வாழ வேண்டும் என்ற கருத்தோடு வளர்ந்த பகுதி இது. அக்கருத்தின் பயனை இன்று முழுமையாகத் துய்ப்பவர்கள் பந்தாடும் சிறுவர்களே.

அண்மையில் அங்கே ஒரு வழக்கு நிகழ்ந்தது. எதிரணியார் உதைத்த பந்து வானத்தில் எழும்பி, நம் தெருத் தமிழ்ச் சிறுவன் ஒருவன் தலைக்கு நேரே இறங்கிற்று. அவனை நோக்கி மற்றொருவன் முழு வேகத்தில் ஓடி வந்தான். நம்மவன் பந்தை இரு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டான். ‘ஹேண்டு, ஹேண்டு’ என்று மைதானமே கூவியது. பந்து எதிரணிக்குப் போயிற்று. சிறுவன் நம்மிடம் வந்து, “மாமா, நான் மேலே பாத்துட்டு நிக்கிறேன். எதிர்ல அவன் இடிக்க வர்றான். பிடிக்காம வேற என்ன செய்யறது?” என்று கேட்டான். விதி விதிதான் என்று கூறி அனுப்பிவிட்டோம். ஆயினும் அவன் கேட்டது நியாயமான கேள்வி. இக்கேள்விக்கு ஒரு காலத்தில் கால்பந்தாட்டமே அவன் பக்கம் நின்று விடை கூறியிருந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

1863 அக்டோபர் 26-ஆம் நாள் லண்டனில் ஃப்ரீமேசன்ஸ் டேவர்ன் என்னும் விடுதியில் சில கழகத்தார் கூடிக் கால்பந்துச் சங்கத்தை நிறுவினர். பள்ளிக்கொரு விதி, ஊருக்கொரு விதி என்று கிடந்த ஆட்டத்துக்குப் பொது விதி வகுப்பது அவர்கள் நோக்கம். டிசம்பரில் முடிவான அவ்விதிகளில் எட்டாவது விதி இது: எதிரி உதைத்த பந்து தரையைத் தொடுமுன் ஒருவன் அதைக் கையால் பிடித்து, உடனே குதிகாலால் மண்ணில் ஒரு தடம் பதித்தால், அவனுக்குத் தடையின்றி உதைக்கும் உரிமை உண்டு. உதைப்பதற்காக அவன் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னே செல்லலாம். அவன் உதைக்கும்வரை எதிரணியார் எவரும் அத்தடத்தைத் தாண்டி வரலாகாது.

ஆங்கிலத்தில் இதற்கு ‘ஃபேர் கேட்ச்’ என்று பெயர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொற்கள் வேதனை தருபவை. ‘ஃபேர்’ என்பது அழகா, நியாயமா, திருவிழாச் சந்தையா என்பதை இடம் நோக்கியே துணிய வேண்டும். ‘ஃப்ரீ கிக்’ என்பதை ‘இலவச உதை’ என்று பெயர்த்திருந்த கைப்பிரதி ஒன்றை ஒருமுறை திருத்தினோம். இலவசமாக உதை வாங்க யார்தான் முன்வருவார்? நாம் இங்கே முன்னதை ‘நேர்ப்பிடி’ என்றும், பின்னதை ‘தடையில்லா உதை’ என்றும் வழங்குவோம்.

நேர்ப்பிடி அச்சங்கத்தில் பெரும் பூசலுக்கு இடமாயிற்று. முதல் வரைவில், நேர்ப்பிடி பிடித்தவன் பந்தோடு ஓடவும் செய்யலாம் என்றிருந்தது. ஓடுபவனைக் காலில் உதைத்துத் தடுக்கலாம் என்றும் இருந்தது. இவ்விரண்டையும் பெரும்பான்மையோர் நீக்கவே, பிளாக்ஹீத் கழகத்தார் வெளியேறினர். பிடிப்பதும் உதைப்பதும் மட்டும் எஞ்சின. அவையும் நெடுங்காலம் நிற்கவில்லை. 1866-இல் நேர்ப்பிடி விதியே நீக்கப்பட்டது. சில ஆண்டுகளில் காவலர் தவிர வேறெவரும் பந்தைக் கையால் தொடலாகாது என்றாயிற்று.

இதன்பின் நேர்ந்ததே நம் கருத்தைக் கவர்வது. 1872-இல் தடையில்லா உதை மீண்டும் விதிகளுக்குள் வந்தது. ஆனால், கையால் தொட்டவனுக்குத் தண்டனையாக, அவன் எதிரிக்கு அளிக்கப்பட்டது. அன்று பந்தைப் பிடித்தவன் பெற்ற பரிசு, பிடித்த குற்றத்துக்கு ஈடாக மாறிவிட்டது. 1891-இல் பெனால்டி உதை வந்தது. 1903-இல் இத்தகைய உதையிலிருந்து நேரே கோல் போடும் உரிமையும் வந்தது. மல்லேஸ்வரத்துச் சிறுவன் இழந்த உதையின் பரம்பரை இதுதான்.

பிளாக்ஹீத்தைப் போல் கையாட்டத்தை விடாதவர்கள் 1871-இல் ரக்பி சங்கத்தை அமைத்தனர். அங்கே நேர்ப்பிடி ‘மார்க்’ என்ற பெயரில் வாழ்ந்தது. அவ்வாட்டம் நம் நாட்டுக்கும் விரைவில் வந்து சேர்ந்தது. 1872 கிறிஸ்துமஸ் நாளன்று கல்கத்தாவில் ஆங்கிலேயர் ஓரணியாகவும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டவர் மற்றோரணியாகவும் ஆடினர். அடுத்த மாதமே கல்கத்தா கால்பந்துக் கழகம் பிறந்தது. வங்காள வெயில் அதற்கு ஒத்துவரவில்லை. ஆடிய படைப்பிரிவும் ஊர் மாறிச் சென்றது. எஞ்சியோர் போலோவையும் டென்னிஸையும் நாடினர். கழகத்தைக் கலைத்தபோது வங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாகவே வாங்கி, உருக்கி, ஒரு கோப்பை செய்து லண்டனுக்கு அனுப்பினர். மூன்று நாகங்கள் கைப்பிடிகளாகவும், மூடியின் மேல் யானையும் அமைந்த அக்கோப்பைக்காக இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் மோதி வருகின்றன. நம் நாட்டுக் கழகம் மறைந்தது. அதன் நாணயம் அங்கே பளபளக்கிறது! மார்க் பிடித்தவன் நேரே கம்பங்களுக்கிடையே உதைத்துப் புள்ளி பெறும் உரிமையை ரக்பியும் 1977-இல் எடுத்துவிட்டது.

தாயகத்தில் வழக்கொழிந்த சொல் வெளியூர் சென்றவர் வீட்டில் பிழைத்திருப்பதை நாம் அறிவோம். நேர்ப்பிடியின் முழு உரிமை அவ்வாறே கடல் கடந்து அமெரிக்கக் கால்பந்தில் பிழைத்தது. அவ்வாட்டம் மிக முரட்டுத்தனமானது. இளைஞர் பலர் மாண்டதால் 1905-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட் கல்லூரியாரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச வேண்டியதாயிற்று. அத்தகைய ஆட்டத்தில் வானத்தைப் பார்த்து நிற்பவனுக்குப் பாதுகாப்பு இன்றியமையாதது. அவன் ஒரு கையைத் தலைக்குமேல் உயர்த்தி அசைத்தால், எவரும் அவனைத் தொடலாகாது; அவனும் பந்தோடு ஓடலாகாது. பிடித்த இடத்திலிருந்து அவன் அணி வழக்கம்போல் ஆட்டத்தைத் தொடரலாம்; அல்லது தடையில்லா உதையைக் கேட்கலாம். எதிரணியார் 10 கெஜம் விலகி நிற்பர். தோழன் ஒருவன் பந்தைத் தரையில் பிடித்துக்கொள்ள, உதைப்பவன் நிதானமாக உதைப்பான். கம்பங்களுக்கிடையே சென்றால் 3 புள்ளிகள்.

கல்லூரி ஆட்டத்தில் இவ்வுதை 1950-இல் நீக்கப்பட்டது. தொழில்முறை ஆட்டத்தில் நிலைத்தது. ஆயினும் காண்பது அரிது. பந்து பெரும்பாலும் பிடிப்பவனுடைய சொந்தப் பாதியில் விழுவதால் கம்பங்கள் வெகு தொலைவில் இருக்கும். பாதி ஆட்டம் முடியும் தறுவாயிலன்றி எவரும் இதை நினைப்பதில்லை. 1976-இல் சான் டியாகோ சார்ஜர்ஸ் அணியின் ரே வெர்ஷிங் 45 கெஜத்திலிருந்து வென்ற பிறகு, நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஒருவருக்கும் இது கைகூடவில்லை.

2024 டிசம்பர் 19-ஆம் நாள், லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்துவிட்ட அதே சார்ஜர்ஸ் அணி டென்வர் அணியோடு ஆடியது. முதற்பாதியின் கடைசி நொடிகளில் டென்வர் உதைத்த பந்தைப் பிடிக்கச் சார்ஜர்ஸ் வீரர் கையசைத்து நின்றார். டென்வர் வீரர் ஒருவர் வந்து அவர்மீது மோதிவிட்டார். அதற்குத் தண்டனையாகப் பந்து 15 கெஜம் முன்னே வைக்கப்பட்டது. கடிகாரத்தில் நேரம் தீர்ந்துவிட்டது. ஆனால் உதைக்கும் உரிமை தீரவில்லை. கேமரன் டிக்கர் 57 கெஜத்திலிருந்து உதைத்து 3 புள்ளிகள் பெற்றார். பின்தங்கியிருந்த அவ்வணி இறுதியில் 34-27 என வென்றது.

சென்ற ஞாயிறு இதை அச்சிறுவனிடம் கூறினோம். “அப்ப இங்க ஏன் எடுத்துட்டாங்க?” என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் ஓடிவிட்டான், அவனுடைய அணி ஆடத் தொடங்கியிருந்தது.