புற்றுக்கட்டியின் இரத்த நாளங்களும் முன்னோடிச் செல்களும்

இரத்த நாளம் எட்டாத புற்றுக்கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. நுண்குழாயிலிருந்து ஆக்சிஜன் திசுவுக்குள் பரவும் தொலைவு மிகக் குறைவு என்பதே காரணம். வளரும் கட்டி தனக்கெனப் புதிய நாளங்களை உண்டாக்கிக்கொள்கிறது. அந்த நாளச் சுவருக்கான செல்கள் அண்டை நாளங்களிலிருந்து மட்டுமே கிளைக்கின்றனவா, எலும்பு மஜ்ஜையின் முன்னோடிச் செல்களும் வந்து சேர்கின்றனவா என்பது நெடுங்காலச் சர்ச்சை.

1960களில் ஜூடா ஃபோக்மன் அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் ஒன்றில், உடலுக்கு வெளியே உயிர்ப்புடன் காக்கப்பட்ட தைராய்டு சுரப்பிகளில் புற்றுச்செல்களை வைத்துப் பார்த்தார். கட்டிகள் சிறு அளவிலேயே நின்றுவிட்டன. அவற்றையே எலிகளுக்கு மாற்றியதும் பெருகின. கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரந்து நாளங்களை வரவழைக்கிறது, அதைத் தடுத்தால் கட்டியையும் தடுக்கலாம் என்று 1971இல் அவர் எழுதினார். அது ஏற்கப்படப் பல ஆண்டுகள் ஆயின. 1983இல் டொனால்ட் செங்கரும் ஹரால்ட் டுவோராக்கும் நாளங்களைக் கசியவைக்கும் புரதம் ஒன்றைக் கண்டனர். 1989இல் நெப்போலியோன் ஃபெராரா நாள வளர்ச்சிக் காரணியைத் தனித்தெடுத்தார். இரண்டும் ஒரே புரதம் என்பது பிறகு தெளிவாயிற்று.

அக்காலப் பாடநூல்களின்படி, முன்னோடிச் செல்களிலிருந்து நாளம் உருவாவது கருவில் மட்டுமே. வளர்ந்த உடலில் இருக்கும் நாளம்தான் கிளைவிடும். 1997இல் பாஸ்டனில் தகாயுகி அசஹாராவும் ஜெஃப்ரி இஸ்னரும் இதை அசைத்தனர். மனித இரத்தத்திலிருந்து பிரித்த சில செல்கள், இரத்த ஓட்டம் குன்றிய விலங்குக் கால்களில் நாளச் சுவருக்குள் சேர்ந்ததாக அவர்கள் அறிவித்தனர். 2001இல் டேவிட் லைடன் குழு அதைப் புற்றுநோய்க்குக் கொண்டுவந்தது. ஐ.டி. எனப்படும் மரபணுக்கள் குறைபட்ட எலிகளில் கட்டிகள் வளரவில்லை. இயல்பான எலிகளின் மஜ்ஜையைச் செலுத்தியதும் வளர்ந்தன.

கட்டி இவ்வளவு தொலைவிலுள்ள மஜ்ஜையை எப்படி எட்டுகிறது? ஆக்சிஜன் குறைந்த செல்களில் ஹெச்.ஐ.எஃப். எனும் புரதம் நிலைத்து, நாள வளர்ச்சிக் காரணியின் உற்பத்தியைப் பெருக்குகிறது. காரணி இரத்தத்தோடு மஜ்ஜைக்குச் செல்ல, அங்குள்ள எம்.எம்.பி.-9 நொதி முன்னோடிச் செல்களை விடுவிக்கிறது. கட்டியைச் சுற்றியுள்ள நார்ச்செல்கள் சுரக்கும் எஸ்.டி.எஃப்.-1 எனும் புரதம் அவற்றைக் கட்டிப் பக்கம் ஈர்க்கிறது.

மஜ்ஜையிலிருந்து செல்கள் வருவதில் பெரிய மறுப்பு எழவில்லை. வந்த செல்கள் நாளச் சுவராகவே மாறுகின்றனவா என்பதில்தான் முடிவுகள் முரண்பட்டன. 2003இல் இத்தாலிய ஆய்வாளர்கள், அச்செல்கள் நாளத்தை ஒட்டி நிற்கும் ஒருவகை மோனோசைட்டுகளே (வெள்ளணுக்களே) என்றனர். 2008இல் ஹெல்சிங்கி குழு, எலிக் கட்டிகளின் நாளச் சுவரில் மஜ்ஜைச் செல்களே இல்லை என்றது. மனிதரிடமிருந்து கிடைத்த சான்று சிறியது, ஆனால் எடைமிக்கது. எதிர்பாலினரின் மஜ்ஜையைப் பெற்றுப் பின்னர் புற்றுநோய் கண்ட ஆறு பேரின் கட்டிகளை ஆராய்ந்தபோது, நாளச் சுவர்ச் செல்களில் கொடையாளியுடையவை சராசரியாக 4.9 சதவீதமே (2005).

குழப்பத்துக்கு அடையாளக் குறிகளும் ஒரு காரணம். முன்னோடிச் செல்லுக்குரியவை எனக் கருதப்பட்ட புரதங்கள் பல இரத்தச் செல்களிலும் உண்டு. நுண்ணோக்கியில் நாளத்தை ஒட்டிய செல் அதன் உள்ளே இருப்பதுபோலவும் தோன்றலாம். ஆய்வகத்தில் வளர்த்து 'நாள முன்னோடி' எனப் பெயரிட்டவற்றில் பல உண்மையில் இரத்தச் செல் வகையே என்று 2007இல் மெர்வின் யோடர் குழு காட்டியது. ஆகவே மஜ்ஜையிலிருந்து வரும் செல்களின் முதன்மைப் பங்கு, சுவர் கட்டுவதைவிட, வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து அண்டை நாளங்களைக் கிளைக்கவைப்பதே என்ற கருத்து வலுப்பெற்றது.

மருத்துவம் இந்தச் சர்ச்சை தீரும்வரை காத்திருக்கவில்லை. நாள வளர்ச்சிக் காரணியைப் பிடித்துக்கொள்ளும் பெவாசிசுமாப் 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பரவிய பெருங்குடல் புற்றில் வேதிமருந்தோடு அதைச் சேர்த்தபோது இடைநிலை உயிர்வாழ்வு 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமாக உயர்ந்தது. ஃபோக்மன் நம்பியதைவிடக் குறைவான பலன்தான். இந்தியாவில் பயோகான் நிறுவனம் 2017இல் பெவாசிசுமாபுக்கு ஒத்த மருந்தை வெளியிட்டது. நாளங்களைச் சிதைக்கும் வேறுவகை மருந்துகள் சில மணி நேரத்திலேயே மஜ்ஜைச் செல்களைக் கட்டிக்குத் திரட்டிவிடுவதை 2006இல் எலிகளில் கண்டனர். எஞ்சிய ஓரத்திலிருந்து கட்டி மீண்டும் வளர இது வழிவிடுகிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற ராகேஷ் ஜெயின் 2001இல் முன்வைத்த கருத்து வேறு திசையிலானது: நாளங்களை ஒரேயடியாக அழிப்பதைவிட, கோணலும் கசிவுமான அவற்றைச் சிறிது காலம் சீராக்கினால் மருந்தும் ஆக்சிஜனும் கட்டியின் உட்பகுதிவரை எட்டும்.