வரவேற்பறையில் ஓடிய இரண்டு படங்கள்

1980களின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கொழும்புத் தமிழர் வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. சனிக்கிழமை மாலையானால் வீடியோக் கடைக்குப் போய் இரண்டு படங்களை வாடகைக்கு எடுப்பார்கள். டெக் இல்லாத வீட்டார் அதையும் சேர்த்தே எடுத்து வருவார்கள். மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் இரண்டையும் ஒரே இரவில் பார்த்து முடிப்பார்கள். பெரியவர்களும் பிள்ளைகளும் கூடியிருந்து பார்ப்பதால், இரண்டில் ஒன்றாவது குடும்பப் படமாக இருக்கும். திரையரங்கைப் பற்றிப் பேசிய அளவுக்கு இந்த வரவேற்பறையைப் பற்றி நம்மவர்கள் பேசியதில்லை. அதைப் பற்றியதே இன்றைய உரை.

திரையரங்கின் சமூகப் பங்கை நமக்கு விளக்கிக் காட்டியவர் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி. தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்பு ஊடகமாக ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட ஆங்கில நூலில், தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பார்த்த முதல் கலைக்கூடம் திரையரங்கே என்று அவர் எழுதினார். அங்கே யார் எங்கே அமர்வது என்பதைத் தீர்மானித்தது பிறப்பு அன்று, கொடுத்த காசு. வெள்ளவத்தையின் சவோய், ரொக்சி, கொட்டாஞ்சேனையின் செல்லமஹால் போன்ற அரங்குகளின் வரலாற்றையும் இந்தக் கண்கொண்டே பார்க்க வேண்டும்.

அந்த நிலை மாறியதற்குக் காரணங்கள் பல. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தது. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 பெப்ரவரியில் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. 1976இல் ஜப்பானில் அறிமுகமான வீ.எச்.எஸ். கசற், மத்திய கிழக்கில் உழைத்துத் திரும்பியவர்களின் பெட்டிகளோடு நம் வீடுகளுக்குள் வந்தது. இவற்றுக்கு நடுவே வந்தது 1983 ஜூலை. தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்த நகரில், இரவுக் காட்சிக்குக் குடும்பத்தோடு போய்வருவது துணிச்சலான காரியமாயிற்று. படம் பார்ப்பது கதவை அடைத்துக்கொண்டு செய்கிற காரியமாக மாறிற்று.

வீட்டுக்குள் வந்த சினிமா தன் குணத்தையும் மாற்றிக்கொண்டது. விசிலடிக்கும் கூட்டம் அங்கில்லை. காசு கொடுத்து வாங்கும் இருக்கையும் இல்லை. ஆனால் வேறொரு வரிசை இருந்தது. வீட்டுக்காரருக்குக் கதிரை, அயலாருக்குப் பாய், வேலைக்கு நின்ற பிள்ளைக்குக் கதவு நிலை. திரையரங்கு ஓரளவு கலைத்த வரிசையை வரவேற்பறை மீண்டும் ஒழுங்குபடுத்தியது என்றுகூடச் சொல்லலாம். இன்னொரு மாற்றமும் நேர்ந்தது. எந்தப் படம் எடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை மெல்ல மெல்லப் பெண்களின் கைக்கு வந்தது. 1986இல் வெளிவந்து, சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான இந்தியத் தேசிய விருதைப் பெற்ற விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' போன்ற படங்கள் வீட்டுத் திரைக்கென்றே பிறந்தவை போலத் தோன்றின. ஒரே வீட்டுக்குள் கோடு கிழித்துப் பிரிந்து வாழும் தகப்பனும் மகனும் அங்கே விவாதித்தவை, அதைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டிலும் நடந்த விவாதங்களே.

இந்த வரிசையில் நாம் தனியாக எடுத்துப் பேசவேண்டிய இரண்டு படங்கள் உண்டு. இரண்டையும் இயக்கியவர் நம் மண்ணில் பிறந்தவர். 1939இல் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்து, கொழும்பில் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராகப் பணியாற்றி, இலங்கை வானொலி நாடகங்களிலும் நடித்து, பின்னர் புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு கற்ற பாலு மகேந்திரா அவர். படங்கள், 1988இல் வெளிவந்த 'வீடு', அதை அடுத்து வந்த 'சந்தியா ராகம்'.

'வீடு' படத்தின் கதை மிகச் சிறியது. சென்னையில் வாடகை வீட்டில் குடியிருக்கும் சுதா என்ற அலுவலகப் பெண்ணை வீட்டுக்காரர் எழும்பச் சொல்கிறார். தங்கையும் தாத்தாவுமே அவளுடைய குடும்பம். நகரின் புறத்தே தாத்தாவுக்கு இருந்த இரண்டு காணித் துண்டுகளில் ஒன்றை விற்று, மற்றதில் வீடு கட்டத் தொடங்குகிறாள். கடன், இலஞ்சம், ஏமாற்றும் கொந்தராத்துக்காரர், களவு போகும் சீமெந்து என்று ஒவ்வொன்றாக வந்து மறிக்கின்றன. பாதி எழுந்த வீட்டைத் தாத்தா ஒருநாள் தனியே போய்ப் பார்க்கிறார், சுவரைத் தடவிப் பார்க்கிறார், திரும்பும் வழியில் இறந்துபோகிறார். முடிவில் அந்தக் காணியே குடிநீர் வாரியம் சுவீகரித்தது என்று தெரியவருகிறது. படத்தில் பாட்டே கிடையாது. சுதாவாக நடித்த அர்ச்சனா இந்தியாவின் சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார். தமிழில் சிறந்த படத்துக்கான விருதும் இதற்கே கிடைத்தது.

இக்கதையின் வித்து எங்கே விழுந்தது என்பதைப் பாலு மகேந்திராவே நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். அவர் சிறுவனாயிருந்தபோது தாயார் ஊரில் வீடு கட்டினார். கலகலப்பாக இருந்த அம்மா, அந்த வீடு எழ எழச் சிரிப்பை இழந்துபோனதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னையின் கதையாக உலகம் பார்த்த படத்தின் அடியில் மட்டக்களப்புத் தாய் ஒருத்தியின் முகம் இருக்கிறது.

'சந்தியா ராகம்' எதிர்த் திசையில் நடக்கும் கதை. கிராமத்தில் மனைவியை இழந்த முதியவர் சென்னையில் தம்பி மகனின் வீட்டுக்கு வருகிறார். அதுவோ மாதச் சம்பளத்தில் மூச்சுத் திணறும் சிறிய வாடகை வீடு. யாரும் கெட்டவர் அல்லர். இடமும் பணமும் போதவில்லை, அவ்வளவுதான். கடைசியில் முதியோர் இல்லம் அவருக்கு இடம் தருகிறது. இந்தியத் தொலைக்காட்சியான தூர்தர்ஷனுக்காக எடுக்கப்பட்ட இப்படம், குடும்ப நலம் பற்றிய சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. இரண்டிலும் முதியவராக நடித்தவர் பழைய நாடக மேடையிலிருந்து வந்த சொக்கலிங்க பாகவதர். அர்ச்சனாவும் இரண்டிலும் இருக்கிறார். ஒரே இரவில் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு இவை ஒரே கதையின் இரு பாதிகளாகவே தோன்றும். முதற் படத்தில் ஒரு குடும்பத்துக்கு வீடு வாய்க்கவில்லை. இரண்டாவதில் வீடு இருந்தும் ஒரு மனிதருக்கு இடம் வாய்க்கவில்லை.

இந்த இரண்டு துயரங்களும் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் அந்நியமானவை அல்ல. 1990க்குப் பின் மின்சாரமே இல்லாதிருந்த யாழ்ப்பாணத்திலிருந்தும், 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பின் வன்னியிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள் இங்கே லொட்ஜ்களிலும் அனெக்ஸ்களிலும் தங்கினார்கள். ஊரில் நாற்சார் வீட்டை விட்டு வந்தவர், இங்கே ஒற்றை அறைக்கு முற்பணம் கட்டிப் பொலிஸ் பதிவுத் துண்டோடு குடியிருந்தார். பிள்ளைகள் வெளிநாடு போன பின் உறவினர் வீட்டு மூலையில் ஒதுங்கிய முதியவர்கள் எத்தனையோ பேர். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. இத்தகைய வாழ்வுக்கு நடுவே, காணி சுவீகரிக்கப்பட்டது என்று ஒரு கதாநாயகிக்குச் சொல்லப்படும் காட்சி வெறும் கதையாக நின்றுவிடாது அல்லவா?

இனி இந்த வரலாற்றின் வேதனையான பக்கத்துக்கு வருவோம். 2014இல் மறைந்த பாலு மகேந்திரா, தம் இறுதி ஆண்டுகளில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். 'வீடு', 'சந்தியா ராகம்' உட்படத் தமது பல படங்களின் மூலச் சுருள்கள் அழிந்துவிட்டன, தமிழ்ப் படங்களைக் காக்க ஓர் ஆவணக்காப்பகம் வேண்டும் என்பதே அது. இன்று நாம் இணையத்தில் காணும் மங்கலான பிரதிகள் பெரும்பாலும் வீட்டுப் பார்வைக்கென எடுக்கப்பட்டவற்றின் வழிவந்தவை. அக்கால வீடியோக் கடைகளில் இருந்த கசற்றுகளிற் பல உரிமம் பெறாத பிரதிகள் என்பதையும், தயாரிப்பாளர்கள் அவற்றால் நட்டப்பட்டார்கள் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஆயினும் முறையாகக் காக்க வேண்டியவர்கள் கைவிட்டதை, முறைசாராத வீட்டுப் பிரதிகளே இவ்வளவு காலம் தாங்கி வந்தன என்பதும் உண்மை.

நம்முடைய சொந்தப் படங்களின் நிலை இதனிலும் இரங்கத்தக்கது. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது அங்கிருந்த படச்சுருள்களும் எரிந்தன. ஒரு தமிழரின் ஸ்ரூடியோ என்பதற்காக வைத்த தீயில் சிங்களப் படங்களின் மூலச் சுருள்களும் சாம்பலாயின. 'தோட்டக்காரி', 'குத்துவிளக்கு', 'வாடைக்காற்று' என்று தம்பிஐயா தேவதாஸ் தமது 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' நூலில் பதிவு செய்த படங்களின் பெயர்களை நம் மாணவர்கள் படிக்கலாம். அவை அனைத்தையும் நல்ல பிரதியிற் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது, எடுத்தால் ஓரம் உதிரும் ஏடுகளைக் கண்டு கலங்கினார். அந்த ஏடுகளும் அரண்மனைக் காப்பகத்தில் இருந்தவை மட்டுமல்ல. பல, வீட்டுப் பரண்களில் கிடந்தவை. கசற் நாடாவுக்கு ஓலையின் ஆயுள்கூடக் கிடையாது. கடற்காற்றுப் படும் கொழும்பில் அதிற் பூஞ்சணம் பிடிக்கும். காந்தப் பூச்சு உதிரும். அதை ஓட்டும் டெக்குகளைக் கடைசியாகச் செய்துவந்த ஜப்பானிய ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டு அலுமாரியின் அடித்தட்டில் பழைய கசற்றுகள் கிடந்தால் குப்பை வண்டிக்குக் கொடுத்துவிடாதீர்கள். இந்தியப் படங்களைவிட முக்கியமானவை அவற்றினிடையே இருக்கலாம். ஊர்க்கோயில் திருவிழா, பாடசாலை நாடகம், இன்று இல்லாத ஒரு வீட்டின் முற்றத்தில் நடந்த கலியாணம். 2005இல் தொடங்கி ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் காத்துவரும் நூலகம் போன்ற முயற்சிகள் நம்மிடையே உண்டு. நாடா ஓடும் நிலையில் இருக்கும்போதே அதைப் பிரதி செய்விப்பதும், எந்த ஊர், எந்த ஆண்டு, யார் யார் என்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்து வைப்பதும் நம்மாற் கூடிய காரியங்கள். அம்முற்றங்களிற் பல இன்று அந்த நாடாக்களில் மட்டுமே இருக்கின்றன.